கம்மாய்க் கடல்

போர்ட்டிக்சன் பக்கத்துக் கடற்கரையான புளூ லகூனுக்குப் போவதென்றால் காலை ஒன்பதுக்குள் காரை நிறுத்திவிட வேண்டும். பத்து ஆனால் சாலையோரம் எங்காவது விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வேகாத வெயிலில் நடக்க வேண்டிவரும். ஒரு பள்ளி விடுமுறையில் பட்ட அடி அது. அதனால் போன சனிக்கிழமை ரந்தாவில் எங்கள் தாமான் குடியிருப்பில் முதலில் விளக்கு எரிந்த வீடு எங்களுடையது. அம்மா நாலரைக்கே எழுந்துவிட்டார். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், கோழிப் பிரட்டல், அவித்த முட்டை ஒரு டஜன்.

"அங்க கடை இருக்கும்மா, எதுக்கு இவ்வளவும்?" என்றேன்.

"கடை இருக்கும். சோறு இருக்குமா?" என்றார்.

நோன்பு மாதம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாள் சாயங்காலம்தான் நோன்புப் பசாரில் வரிசையில் நின்று ஆயாம் பெர்சிக் வாங்கி வந்திருந்தேன். பகலில் கடற்கரைக் கடைகள் மூடியிருக்கும் என்பதுதான் மண்டையில் உறைக்கவில்லை. போய்ப் பார்த்தால் ஒரேயொரு கடையில் தண்ணீர்ப் போத்தலும் மிதவை வளையமும் இருந்தன. அதைவிட வேடிக்கை, கார் நிறுத்துமிடம் முக்கால்வாசி காலி. விடியுமுன் எழுந்து எல்லாரையும் விரட்டியதற்கு என் மகள் கொடுத்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ரந்தாவ் மலேசியாவில் சிரம்பானுக்குத் தெற்கே இருக்கிற ஊர். ஒரு கடைத்தெரு, அதைச் சுற்றித் தோட்டங்கள். நான் பிறந்தபோது எல்லாம் ரப்பர் பால்மரம். இப்போது பெரும்பாலும் செம்பனை, மிச்சம் வீடமைப்பு. கடல் கார்த் தூரத்தில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆனால் நான் வளர்ந்த தோட்டத்து லயத்துக்கும் கடலுக்கும் இருந்த தூரத்தை மணிக்கணக்கில் சொல்ல முடியாது. பால்வெட்டுக்காரர்களுக்கு அன்றாடக் கூலி. மழை பெய்தால் மரம் நனையும், மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளத்தில் ஓட்டை. ஆக, மழை பெய்த நாள் சும்மா இருந்தும் போகக் காசில்லை. வெயில் அடித்த நாள் காசு வரும், போக நேரமில்லை. விடுமுறை என்று எல்லாருக்கும் பொதுவாக விழுந்தது மே தினம் ஒன்றுதான். அன்றைக்கு மட்டும் கடல்.

தோட்டத்து லாரிதான் வண்டி. மணிமன்றம் என்ற இளைஞர் மன்றத்து அண்ணன்மார் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் போய்க் கேட்டு வாங்குவார்கள். மற்ற நாளெல்லாம் உறைந்த ரப்பர் ஒட்டுப்பால் ஏற்றிய லாரி அது. அந்த வாடையை முகர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, முகராதவர்களுக்கு விளக்கவும் முடியாது. முதல் நாள் சாயங்காலமே சவுக்காரம் போட்டுக் கழுவுவார்கள். கழுவிய பிறகு சவுக்கார வாடையும் சேர்ந்துகொள்ளும். பெண்கள் பாய் விரித்து உட்கார, பையன்கள் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் அண்டாவில் சோறு. இன்றைக்கு அப்படி ஏற்றினால் போலீஸ் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். ஆனாலும் என் பிள்ளைகள் குளிர்சாதன காரில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது அந்தப் பலகையைப் பிடித்த உள்ளங்கை கொஞ்சம் அரிக்கத்தான் செய்கிறது.

முதலில் நாங்கள் போனது தெலுக் கெமாங். போர்ட்டிக்சன் என்றால் இன்றும் பலருக்கு அதுதான். நீளமான திறந்த கரை, வரிசையாகக் கடைகள், எந்நேரமும் கூட்டம். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அங்கே எங்கள் சித்தப்பா மகன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவன், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையோரமாகவே நகர்ந்து போனான். அலை அடித்து இழுக்கவில்லை. ஆற்றில் போவதுபோல அமைதியாகப் போனான். அவன் சிரித்துக்கொண்டே கையாட்டியதால் நாங்களும் கையாட்டினோம். தூரத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் பார்த்து, ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். சித்தி அவனை அடித்த அடி இன்னும் காதில் கேட்கிறது. காப்பாற்றியவருக்கு அண்டாவிலிருந்து சோறு அள்ளிக் கொடுத்தார்கள். அவர் சங்கடத்தோடு வாங்கிக்கொண்டார்.

மறு வருடம் பெரியவர்கள் கூடிப் பேசி இடத்தை மாற்றினார்கள். "லைட்ஹவுஸ் பக்கம் போயிருவோம். அங்க தண்ணி நிக்கும்." புளூ லகூன் என்ற பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. போர்ட்டிக்சன் பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தெற்கே, தஞ்சோங் துவான் என்ற முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அந்த முனையின் வடக்கு மடியில் ஒதுங்கிய சிறு குடா அது. இரண்டு பக்கமும் பாறை, பின்னால் காடு, கரை வரைக்கும் நிழல் மரங்கள். நிழலுக்காகவே நான் இதற்கு முதல் மதிப்பெண் கொடுப்பேன். பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு, குடை வாடகை கொடுக்காமல், கண்ணைச் சுருக்காமல் உட்கார்ந்து பார்க்க முடிகிற கரை இந்தப் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது?

"தண்ணி நிக்கும்" என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சில்லை. அலை எழும்பக் காற்றுக்கு ஓட இடம் வேண்டும். கிழக்குக் கரையில், குவாந்தான், திரெங்கானு பக்கம், தென்சீனக் கடல் முழுவதும் காற்றுக்குத் திடல். வருடக் கடைசி மழைக்காலத்தில் அங்கே கடலில் இறங்க முடியாது. இங்கே எதிரில் சுமத்ரா குறுக்கே படுத்திருக்கிறது. இந்த முனைக்கு நேர் எதிரில் உள்ள ரூப்பாட் தீவு ஏறக்குறைய 38 கிலோமீட்டர்தான். அந்த இடுக்கில் காற்று எவ்வளவு ஓடினாலும் அலை பெரிதாக வளர நேரமில்லை. அதற்கும் மேல் முனை வேறு தென்மேற்கை மறைத்துக்கொள்கிறது. இருந்தாலும் கடல் கடல்தான். நடு வருடத்தில் சுமத்ராவிலிருந்து திடீரென்று கிளம்பும் விடிகாலைப் புயல்மழை இங்கேயும் வரும். பாறை ஓரத்தில் நீரோட்டம் உண்டு, அந்தப் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. மழை கொட்டிய மறுநாள் ஓடை வழியாக வருவதெல்லாம் குடாவுக்குள்தான் வந்து சேரும், அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

இன்னொன்று, நேரம் பார்க்காமல் போனால் ஏமாற்றம்தான். வற்றிய வேளையில் போனால் சேறும் கல்லும் பாசியும். "இதுக்கா வந்தோம்?" என்று கேட்பார்கள். ஏற்றத்தில் போங்கள், தண்ணீர் மரத்தடி வரைக்கும் வந்து காத்திருக்கும். போனில் ஏற்றவற்றம் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. வற்றிய வேளையும் என் மகனுக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம். ரப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு குட்டை குட்டையாகக் குனிந்து நண்டு பார்ப்பான். மற்றபடி நீலம் பெயரில் மட்டும்தான். தண்ணீர் பச்சை, சில நாள் பாண்டான் இலை போட்ட கஞ்சி நிறம். பாறைப் பக்கம் பவளப்பாறை கொஞ்சம் உண்டு, ஆனால் முகக்கண்ணாடி மாட்டி அதைத் தேடுகிறவர்கள் தியோமான் தீவுக்குப் போவது நல்லது.

அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் 1936-இல் ரஜூலா கப்பலில் வந்தவர். அப்போது ஐந்து வயது. கங்காணி வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்த கடைசிக் காலம் அது. இரண்டு வருடத்தில், 1938-இல், கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. இராமநாதபுரம் பக்கத்து ஊரிலிருந்து நாகப்பட்டினம் போய் ஏறினார்களாம். மேல்தட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இடம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு ஞாபகம் இருந்திருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் சாகும்வரை சொன்னார். கப்பல் ஆடியதில் அவர் அம்மாவின் பித்தளைச் செம்பு உருண்டு, கம்பி இடுக்கு வழியாகக் கடலில் விழுந்துவிட்டது. சீர்ச் செம்பு. நாலு பேர் குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் செம்பு. பினாங்கில் இறங்கும்வரை கொள்ளுப்பாட்டி அதற்காக அழுதுகொண்டே வந்தாராம். ஊரை விட்டதற்கு அழுதாரா செம்புக்கு அழுதாரா என்று நான் ஒருமுறை கேட்டேன். "செம்புக்குத்தான்" என்றார் அப்பத்தா, கொஞ்சமும் தயங்காமல்.

தெலுக் கெமாங்கில் அவர் தண்ணீர்ப் பக்கமே போக மாட்டார். லாரி நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "எங்கம்மா செம்பு உள்ள கெடக்கு" என்பார். எங்களுக்கு அது கடலின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. இடம் மாறிய முதல் வருடமும் மரத்து வேரில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தார். இரண்டாம் வருடம் என்ன தோன்றியதோ, எழுந்து கரை வரைக்கும் வந்து நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், பாறை. அந்தப் பக்கம் பார்த்தார், பாறை. "இது கடலில்ல புள்ள. கம்மாய்" என்றார். சேலையை முழங்கால் வரை சொருகிக்கொண்டு இறங்கினார்.

எனக்கு அப்போது கம்மாய் என்றால் என்னவென்று தெரியாது. மலேசியாவில் பிறந்த எங்களுக்கு ஆறு தெரியும், சாலையோரக் காண் தெரியும், ஈயக் குட்டை தெரியும். வானம் பார்த்த ஊரில் மழைத் தண்ணீரைக் கரை கட்டித் தேக்கிவைப்பது, மாடு குளிப்பாட்டுவது, நடுவில் தவழ்கிற காற்று, எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். அவரும் ஐந்து வயதுக்குள் பார்த்ததுதான். இரண்டு கரையும் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் அவருக்குப் பழக்கப்பட்ட தண்ணீர். அதற்குள் செம்பு விழுந்தால் தடவி எடுத்துவிடலாம். நான் இப்போது அப்படி நினைக்கிறேன், அவர் அப்படிச் சொல்லவில்லை.

அதிலிருந்து வருடா வருடம் இறங்குவார். முழங்கால் அளவு, அதற்கு மேல் ஓரடி போக மாட்டார். குடாவின் வாய்ப்பக்கம் திரும்பி நின்று, கையில் தண்ணீர் அள்ளி விட்டு, ஊரைப் பார்த்துக் கும்பிடுவார். இரண்டாம் படிவத்தில் படிக்கும்போது நான் பெரிய மேதாவியாகப் பள்ளி அட்லஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அப்பத்தா, எதுத்தாப்புல இந்தியா இல்ல. அது சுமத்ரா." அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. "அதுக்கு அந்தாண்ட?" என்றார். நான் அட்லஸை மூடிவிட்டேன்.

2005-இல் அவர் போனபோது அஸ்தியை எங்கே கரைப்பது என்று பேச்சு வந்தது. இந்தக் குடாவைத்தான் நான் சொன்னேன். அப்பா ஒரே வார்த்தையில் மறுத்தார்: "கம்மாயில யாராச்சும் கரைப்பாங்களா? புள்ளைங்க குளிக்கிற எடம்." வேறொரு கரையிலிருந்து படகு பிடித்து ஆழத்துக்குப் போய்க் கரைத்தோம். அப்பா பேசியது நியாயம்தான். அதற்குப் பிறகு பல வருடம் இங்கே வரவே இல்லை. தோட்டமும் விற்றுப் போயிற்று, ஆளுக்கொரு தாமானில் ஒதுங்கினோம், மே தின லாரியும் நின்றது. என் மூத்தவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் மறுபடி வந்தோம்.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். பதினோரு மணிவாக்கில் அம்மாவையும் மகளையும் பாயில் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரரும் மகனும் நானும் கலங்கரை விளக்கத்துக்கு ஏறினோம். காட்டுக்குள் போகும் தார்ச்சாலை, மூச்சு வாங்கும் மேடு. இதில் ஒரு வினோதம் உண்டு: சுற்றிலும் நெகிரி செம்பிலான், இந்த முனைக்காடு மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். நாலெட்டு வைத்தால் வேறு மாநிலம். என் மகன் எல்லையில் முன்னும் பின்னும் குதித்து "மலாக்கா, நெகிரி, மலாக்கா, நெகிரி" என்று கத்திக்கொண்டிருந்தான். எல்லை சரியாக எங்கே என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

விளக்குக் கட்டடம் 1863-இல் எழுப்பியது. அதற்கு முன் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் இங்கே விளக்கு வைத்திருந்தார்கள். பிளந்த முனை என்ற பொருளில் காபோ ரச்சாடோ என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். 1606 ஆகஸ்டில் அவர்களும் டச்சுக்காரர்களும் இந்த முனைக்கு முன்னால் மோதிக்கொண்டார்கள், இரண்டு பக்கமும் கப்பல்கள் எரிந்து மூழ்கின. என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பாயசம். டச்சுக்காரர்களின் நாசாவ் கப்பல் இந்தக் கடலடியில்தான் கண்டெடுக்கப்பட்டது என்று அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருக்க, மகன் கேட்டான்: "அப்ப செம்பும் கெடைக்குமா?" அப்பத்தாவை அவன் பார்த்ததே இல்லை. செம்புக் கதை மட்டும் எப்படியோ அவனுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

நாங்கள் ஏறியது கப்பலுக்காக இல்லை, பருந்துக்காக. மார்ச் மாதத்தில் தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து கிளம்பி இந்த முனையைக் குறிவைத்துக் கடலைத் தாண்டி வரும், பிறகு அப்படியே வடக்கே சீனா, சைபீரியா, ஜப்பான் என்று போய்விடும். வெயிலில் சூடான நிலத்திலிருந்து மேலே எழும் காற்றில் ஏறிச் சுற்றிச் சுற்றி உயர்ந்து, சிறகடிக்காமல் சறுக்கிப் போவது அவற்றின் வழக்கம். கடல்மேல் அந்தச் சூட்டுக்காற்று எழும்பாது. அதனால்தான் இடுக்கான இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்தக் கரையில் எவ்வளவு உயரம் ஏறினவோ அவ்வளவையும் நடுக்கடலில் செலவழித்துவிட்டு, இங்கே வந்து சேரும்போது களைத்துப் போய், மரத்து உச்சியை உரசுகிற மாதிரி தாழ்வாக வரும். மலேசிய இயற்கைக் கழகத்தார் 2000-இலிருந்து மார்ச் மாதத்தில் இங்கே கூடிப் பருந்து எண்ணுகிறார்கள். நாங்கள் பார்த்தது ஒன்பது. மகன் பன்னிரண்டு என்கிறான். ஒன்று எங்கள் தலைக்குமேல் இவ்வளவு தாழப் போனது, அதன் கண் தெரிந்தது. மஞ்சள் கண்.

இறங்கி வந்தால் பாயில் கலவரம். காட்டுக் குரங்குகள் வந்து முட்டை டப்பாவைத் தூக்கிவிட்டன. இங்கே குரங்குத் தொல்லை உண்டு என்று தெரிந்தும் டப்பாவை வெளியில் வைத்தது என் தப்பு. அம்மா செருப்பை ஓங்கிக்கொண்டு, சுத்தமான ரந்தாவ்த் தமிழில் ஒரு பெரிய கடுவனைத் திட்டிக்கொண்டிருந்தார். அது மரக்கிளையில் உட்கார்ந்து, ஓட்டை அழகாக உரித்து, மஞ்சள் கருவை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையைக் கீழே போட்டது. "பாத்தியா, கொலஸ்ட்ரால் இல்லாத பய" என்றார் அம்மா.

பக்கத்துப் பாய்களில் நோன்பிருக்கிற குடும்பங்கள் இருந்ததால், நாங்கள் கொஞ்சம் ஒதுங்கி மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் சொல்லவில்லை, வழக்கம்தான். ஆனால் அந்த மூலையில் வேறு ஒரு கூட்டம் கோழி எலும்பையும் பாலிதீன் தட்டையும் போன வாரமோ என்னவோ அப்படியே விட்டுப் போயிருந்தது. தட்டுகளுக்கு நடுவே கிடந்த வாழையிலையையும் திருநீற்றுப் பொட்டலத்தையும் பார்த்தபோது யார் விட்டது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நம்மவர்கள்தான். மகள் ஒன்றும் பேசாமல் ஒரு பையில் அள்ளினாள். நானும் குனிந்தேன். குரங்குகள் இங்கே வந்து பழகியதற்கு யார் காரணம் என்று கேட்டு அந்தக் கடுவனிடம் மன்னிப்பும் கேட்டிருக்கலாம்.

மூன்று மணிக்கு ஏற்றம் நிறைந்திருந்தது. அம்மாவைக் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கினோம். முழங்கால் வலிக்கு உப்புத் தண்ணீர் நல்லது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். மாமியார் நின்ற அதே ஆழத்தில் நின்றுகொண்டு, "ஒங்க அப்பத்தா இப்பிடித்தான் நிப்பாங்க, இந்தப் பக்கமா" என்று குடாவின் வாயைப் பார்த்துக் கும்பிட்டுக் காட்டினார்.

மகள் போனை எடுத்து, நனையாமல் உயர்த்திப் பிடித்து, திசைகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாட்டி, அது வடமேற்கு. அந்தப் பக்கமா கரையோரமே போனா கிள்ளான் வரும்."

"கிள்ளானா?"

"ஆமா பாட்டி. இராமநாதபுரம் இந்தப் பக்கம்." அவள் கை இடப்புறம் போய், குடாவை மூடியிருந்த பாறையைக் காட்டியது. அதன்மேல் ஒரு பங்களாதேஷ்ப் பையன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய சிவப்புத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

அம்மா பாறையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், மறுபடி பாறையைப் பார்த்தார். "அப்ப இத்தன வருசமா எங்க மாமியா கும்புட்டது கிள்ளானத்தானா!" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பில் கால் வழுக்கி, இடுப்புவரை தண்ணீரில் உட்கார்ந்தேவிட்டார். நாங்கள் தூக்கப் போனோம். "இருங்க, இருங்க, நல்லாத்தான் இருக்கு" என்று கையை உதறினார்.

பாறை மேலிருந்த பையன் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்குக் கையாட்டினான்.